கரும்புப் பணம் வந்தால் புத்தியும் வருமா?

அரியலூர் மாவட்டத்தில் உள்ளது மீன்சுருட்டி. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர். கும்பகோணத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்னைக்குப் போகும் சாலை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது.

அரவைக் காலம் வந்துவிட்டால், இந்தப் பக்கத்துச் சாலைகளில் கரும்பு டிராக்டர்கள் ஊர்ந்து போகும். பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருக்கும். பின்னால் ஓடிப்போய் ஒரு கரும்பை உருவிவிடப் பையன்கள் பார்ப்பார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சத்தம் போடுவார்.

பையன்களுக்கு அது கரும்பு. அதைப் பயிரிட்டவருக்கோ, ஓராண்டுக் காத்திருப்பு!

கரும்பு நட்டால் கைக்குப் பணம் வரப் பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும். அதற்குள் உரம் போடவேண்டும். களை எடுக்கவேண்டும். சோகை உரிக்கவேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, வீட்டில் ஒரு விசேஷம், திடீரென்று ஒரு வைத்தியச் செலவு. முதலில் கைமாற்று வாங்குவார். பிறகு மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும். கடைசியில் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும். கரும்பு போகும், பணம் வரும், நகை வீட்டுக்குத் திரும்பும்.

பணம் இல்லாத அந்த மாதங்களில் அவரைப் பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

"எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது."

"காப்பீட்டுக்குக் கடைசித் தேதி சொன்னேன். மறந்துவிட்டு வந்து நிற்கிறார்."

"இந்த வட்டிக்கு யாராவது வாங்குவார்களா? விவரம் தெரியாத மனுஷன்!"

ஏழையாக இருப்பதற்கே புத்திக் குறைவுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறவர்களும் உண்டு. படித்தவர்களிலேயே உண்டு.

இது உண்மையா? அல்லது கதை தலைகீழா? புத்தி குறைவாக இருப்பதால் பணம் இல்லையா, பணம் இல்லாததால் புத்தி தடுமாறுகிறதா?

திண்ணையில் உட்கார்ந்து எத்தனை நாள் வாதாடினாலும் இதற்கு முடிவு கிடைக்காது. சோதித்துப் பார்க்கவேண்டும். சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அதுவும் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வைத்தே!

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நான்கு பேர் சேர்ந்து செய்த ஆராய்ச்சி இது. முல்லைநாதன் இந்தியாவில் ஒரு சிற்றூரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளாதார நிபுணர். ஷஃபீர் மனோதத்துவப் பேராசிரியர். ஆராய்ச்சியின் முடிவு 2013-ம் ஆண்டு 'சயன்ஸ்' என்ற அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். அதில் பரீட்சை எழுதியவர்களோ, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகள்.

ஏன் கரும்பு விவசாயி?

மனிதனின் மனத்தை ஆராய்வது மண்ணை ஆராய்வது போல் அல்ல. மண்ணை எடுத்துக் குடுவையில் போடலாம். மனத்தை எதில் போடுவது?

பணக்காரர்கள் நூறு பேருக்கும் ஏழைகள் நூறு பேருக்கும் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றும். பணக்காரர்கள் அதிக மதிப்பெண் வாங்குவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன நிரூபணம் ஆகும்? ஒன்றும் ஆகாது! பணக்காரர் நல்ல பள்ளியில் படித்திருப்பார். சிறு வயதில் நன்றாகச் சாப்பிட்டிருப்பார். பரீட்சை எழுதிப் பழகியிருப்பார். இதில் எது காரணம் என்று எப்படிப் பிரித்துச் சொல்ல முடியும்?

வேறு ஒரு வழி இருக்கிறது. ஒரு மனிதரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரையே அவரோடு ஒப்பிடுவது!

அதற்குத்தான் கரும்பு விவசாயியைத் தேடி வந்தார்கள். அவர் ஒரே ஆண்டில் ஏழையாகவும் இருக்கிறார், கொஞ்சம் வசதியாகவும் இருக்கிறார். வெட்டுக்கு முன் கையில் காசு இல்லை. வெட்டிய பின் இருக்கிறது. ஆள் அதே ஆள். படிப்பு அதே படிப்பு. பெற்றோர், ஊர், சாதி, வயது எதுவும் மாறவில்லை. மாறியது பணம் மட்டும்.

அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 பேர்தான். அறுவடைக்கு முன் கடன் இருந்தவர்கள் நூற்றுக்கு 99 பேர். பின்னர் 13 பேர். மீன்சுருட்டிப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை!

ஒரு பானைச் சோறு

தமிழ்நாட்டில் இருக்கும் கரும்பு விவசாயிகள் எல்லோரையும் பரீட்சைக்கு உட்கார வைக்க முடியாது. 464 பேரைக் கேட்டது போதுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறார்களே, அதே வழிதான். ஆனால் அந்தப் பழமொழியில் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. சோறு ஆக்குகிற தாய்மார்களுக்கு அது தெரியும். பானையைக் கிளறிவிட்டுத்தான் சோற்றை எடுத்துப் பார்க்கவேண்டும். மேலாக இருக்கும் சோறு வெந்திருக்காது. அடியில் இருப்பது குழைந்திருக்கும்.

ஆராய்ச்சியிலும் அப்படித்தான். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரை மட்டும் கேட்டால் வேலைக்குப் போனவர்களின் கருத்து விட்டுப்போகும். தெரிந்தவர்களை மட்டும் கேட்டால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும். யார் பெயர் வரும் என்று ஆராய்ச்சியாளருக்கே தெரியாதபடி, குலுக்கிப் போட்டு எடுக்கவேண்டும்.

என்ன பரீட்சை?

விவசாயிகளில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே எழுத்து இல்லாத இரண்டு பரீட்சைகள் வைத்தார்கள்.

முதலாவது, கோலம் போன்ற ஒரு பரீட்சை. வரிசையாகச் சில வடிவங்கள் இருக்கும். ஒரு மூலையில் மட்டும் வடிவம் விடுபட்டிருக்கும். கீழே கொடுத்துள்ள துண்டுகளில் எது அங்கே பொருந்தும் என்று காட்டவேண்டும். மார்கழியில் வாசலில் புள்ளிக் கோலம் போடும் பெண்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். ஜான் ரேவன் என்ற ஆங்கிலேயர் 1938-ல் வெளியிட்ட பரீட்சை இது. எழுத்தறிவு தேவையில்லை, யோசனை மட்டும் போதும்.

இரண்டாவது பரீட்சையை இப்போதே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு காகிதத்தில் 5 5 5 என்று எழுதுங்கள். என்ன எண் என்று கேட்கக்கூடாது. எத்தனை எண் இருக்கிறது என்று கேட்கவேண்டும். "மூன்று" என்பதுதான் சரியான பதில். ஆனால் வாய் "ஐந்து" என்று சொல்லத் துடிக்கும்! அடுத்து 2 2 2 2. பதில் "நான்கு". பிறகு 4 4. இப்படி வேகமாகக் கேட்டுக்கொண்டே போனால் கணக்கு வாத்தியாரும் தடுமாறுவார். துடிக்கிற வாயை மனம் எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறது என்பதுதான் இதில் பரீட்சை. 1935-ல் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் நிறங்களின் பெயரை வைத்து இதே யோசனையில் ஒரு சோதனை நடத்தினார். இங்கே அதை எண்களுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

முடிவு என்ன?

கோலப் பரீட்சையில் அறுவடைக்கு முன் விவசாயிகள் சராசரியாக 4.35 கேள்விகளுக்குச் சரியான விடை சொன்னார்கள். அறுவடைக்குப் பின் அதே விவசாயிகள் 5.45 கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னார்கள்.

எண் பரீட்சையை முடிக்க அறுவடைக்கு முன் 146 வினாடி பிடித்தது. பின்னர் 131 வினாடிதான். தவறுகளும் குறைந்தன.

பணத்தோடு புத்தியும் சேர்ந்து வந்துவிட்டது போல் இருக்கிறது அல்லவா? அவசரப்படக்கூடாது. இங்கேதான் ஆராய்ச்சிக்கும் அரட்டைக்கும் வித்தியாசம். நல்ல ஆராய்ச்சியாளர், தன் முடிவைப் பொய்யாக்கப் பார்க்கும் முதல் எதிரியாகத் தானே நிற்கவேண்டும்.

சந்தேகம் மேல் சந்தேகம்

முதல் சந்தேகம். ஒரே பரீட்சையை இரண்டாம் தடவை எழுதினால் யாருக்கும் மதிப்பெண் கூடாதா? கூடலாம். ஆகவே 100 விவசாயிகளை முதலிலேயே தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அறுவடைக்கு முன் பரீட்சையே இல்லை. அறுவடைக்குப் பின் முதல் தடவையாக எழுதினார்கள். அவர்கள் மதிப்பெண்ணும், இரண்டாம் தடவை எழுதியவர்களின் மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பழக்கத்தால் வந்த உயர்வு அல்ல என்று தெரிந்தது.

அடுத்த சந்தேகம், பருவம். அறுவடை முடிந்த பிறகு ஏதாவது பண்டிகை வந்திருக்கலாம், வெயில் தணிந்திருக்கலாம், மனம் குளிர்ந்திருக்கலாம். அதனால் மதிப்பெண் கூடியிருக்கலாம் அல்லவா? இதற்குச் சர்க்கரை ஆலையே பதில் வைத்திருந்தது! ஆலையால் எல்லோருடைய கரும்பையும் ஒரே வாரத்தில் அரைத்துவிட முடியாது. ஒருவருக்கு இந்த மாதம் வெட்டு உத்தரவு வரும். அடுத்த காணிக்காரருக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்து வரும். ஆகவே, ஒரே மாதத்தில், ஒரே வெயிலில், பணம் வந்தவரும் வராதவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். வெட்டு உத்தரவு தாமதமாகிறது என்று விவசாயிகள் சலித்துக்கொள்வது வழக்கம். அந்தத் தாமதம் விஞ்ஞானத்துக்கு இப்படி உதவியது!

பசியாக இருக்குமோ? சாப்பாட்டுச் செலவைக் கேட்டுப் பார்த்தார்கள். அறுவடைக்கு முன்னும் பின்னும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. கவலையால் ரத்தக் கொதிப்பு ஏறியிருக்குமோ? அதையும் அளந்தார்கள். அறுவடைக்கு முன் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் அதைக் கழித்துப் பார்த்தாலும் பரீட்சையில் வித்தியாசம் மறையவில்லை.

மிச்சம் இருப்பது அதிர்ஷ்டம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கக்கூடாதா? இதற்குத்தான் புள்ளிவிவரக் கணக்கு வேண்டும். ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால், பத்துத் தடவையும் தலையே விழுமா? விழலாம். ஆனால் அது 1,024-ல் ஒரு வாய்ப்பு. பணத்துக்கும் பரீட்சைக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்று கணக்குச் சொன்னது. பத்துத் தடவையும் தலை விழுந்தால், நாணயத்தில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுவோம் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

சராசரி என்னும் ஆழம்

சராசரி என்ற சொல்லில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கொள்ளிடத்தில் சராசரி ஆழம் மூன்றடி என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒருவர் இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் முழங்கால் அளவு. நடுவில் ஆளை விழுங்கும் பள்ளம். சராசரி பொய் இல்லை. ஆனால் இறங்கியவர் கரை ஏறவில்லை!

4.35 என்பதும் சராசரிதான். ஒவ்வொரு விவசாயியும் ஒரே மாதிரி தடுமாறினார் என்று அதற்குப் பொருள் இல்லை. சிலர் அறுவடைக்கு முன்பே நன்றாகச் செய்திருப்பார்கள். சிலர் பின்னரும் திணறியிருப்பார்கள். ஆகவே, இந்த ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல முடியும். அந்தக் கூட்டத்தைப் பற்றி இது சொன்னது, பெரிய விஷயம். பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கும் மாடு மெதுவாகப் போனால், மாட்டுக்குக் கால் ஊனம் என்று யாரும் சொல்வதில்லை. பாரத்தை இறக்கிவிட்டுப் பார்க்கிறார்கள்.

மறுபடியும் செய்து பார்த்தால்?

ஒரு தடவை நிரூபணமானால் போதுமா? மனோதத்துவ உலகத்துக்கு இந்தக் கேள்வி 2015-ல் பெரிய இடியாக வந்து இறங்கியது.

அமெரிக்காவில் பிரையன் நோசெக் என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்த 269 ஆராய்ச்சியாளர்களும், பத்திரிகைகளில் வெளிவந்த 100 மனோதத்துவச் சோதனைகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் செய்து பார்த்தார்கள். முதல் தடவை அவற்றில் 97 சோதனைகள் வெற்றி என்று சொல்லப்பட்டவை. இரண்டாம் தடவை நூற்றுக்கு 36தான் தேறின!

எல்லோரும் பொய் சொன்னார்களா? அப்படி இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு நாணயத்தைக் கொடுத்துப் பத்துத் தடவை சுண்டச் சொன்னால், சிலருக்குப் பத்தும் தலையாகவே விழுந்துவிடும். அவர்களை மட்டும் படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டால் என்ன ஆகும்? ஊரே அதிசயப்படும். விழாதவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? விஞ்ஞானப் பத்திரிகைகளிலும் அதுதான் நடந்திருக்கிறது. பலித்த சோதனை அச்சேறும், பலிக்காதது மேஜை அறையில் தூங்கும். போதாதற்கு, மனோதத்துவத்தில் இருபதில் ஒரு வாய்ப்பு என்ற அளவைத் தாண்டினாலே வெற்றி என்று சொல்வது வழக்கமாக இருந்துவந்தது. அது ரொம்பத் தாராளம்!

கரும்பு ஆராய்ச்சிக்கும் எதிர்ச்சாட்சி வந்தது. 2016-ல் கார்வாலோ, மையர், வாங் ஆகிய மூவர் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். சம்பளத்துக்கு முன் கையில் காசு குறைவாகத்தான் இருந்தது. ஆனால் புத்தியில் வித்தியாசம் தெரியவில்லை!

எதை நம்புவது? சம்பளக்காரருக்கு மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பணம் வந்துவிடும். கரும்புக்காரருக்கு வருடத்துக்கு ஒரு தடவை. இரண்டு காத்திருப்பும் ஒன்றல்ல. அப்படிச் சமாதானம் சொல்லலாம். ஆனால் சமாதானம் சொல்வது நிரூபணம் ஆகாது. இன்னொரு சோதனை வேண்டியிருந்தது.

குடவோலை முறையில் ஒரு சோதனை

அது ஒடிசாவில் நடந்தது. இலைகளைத் தைத்துச் சாப்பாட்டுத் தட்டு செய்யும் வேலைக்கு 408 ஏழைத் தொழிலாளர்களை அமர்த்தினார்கள். எத்தனை தட்டு தைத்தார்களோ அத்தனைக்குக் கூலி. சுப்ரீத் கவுர் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் முல்லைநாதனும் இன்னும் இருவரும் சேர்ந்து நடத்திய சோதனை இது.

மொத்தக் கூலியில் யாருக்கும் கூடுதல், குறைவு இல்லை. ஆனால் சிலருக்குக் கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கடைசி நாள் வரை காத்திருந்தார்கள். யாருக்கு முன்னால் என்பதை முதலாளி தீர்மானிக்கவில்லை. தேவைப்பட்டவர் கேட்டு வாங்கவும் இல்லை. குலுக்கல்தான் தீர்மானித்தது.

இந்த முறை தமிழர்களுக்குப் புதியது அல்ல. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு எழாமல் இருக்க அந்த ஏற்பாடு. இன்று மருந்துச் சோதனையிலிருந்து மனோதத்துவச் சோதனை வரை நம்பகமான சோதனைகளுக்கு இந்தக் குலுக்கல்தான் அஸ்திவாரம். குலுக்கிவிட்டால் கெட்டிக்காரரும் சோம்பேறியும், கடன்காரரும் கடனில்லாதவரும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடுவார்கள். அப்புறம் வருகிற வித்தியாசத்துக்குப் பணம் ஒன்றுதான் காரணம்.

முன்னதாகப் பணம் பெற்றவர்கள் பழைய கடனைத் தீர்த்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். மறுநாள் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் தைத்த தட்டுகள் சுமார் நூற்றுக்கு ஏழு கூடின! கவனக் குறைவால் வரும் தவறுகளும் குறைந்தன. புதிதாக யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. மேஸ்திரி அதட்டவும் இல்லை.

தேதி யாருக்காக?

கரும்பு விவசாயிகளின் பரீட்சையை இன்னும் பெரிய அளவில், வேறு வேறு பயிர்களில் செய்து பார்க்கவேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் "விவரம் தெரியாத மனுஷன்" என்று சொல்லி ஒதுக்குகிற வழக்கத்துக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. எதிரான சான்றுதான் சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, யோசிக்கவேண்டியவர்கள் விவசாயிகள் மட்டுமல்ல. பத்துப் பக்க விண்ணப்பத்தை எந்த மாதத்தில் நீட்டுகிறார்கள்? புதிய சாகுபடி முறையைச் சொல்லிக் கொடுக்கும் கூட்டத்தை எப்போது போடுகிறார்கள்? கடைசித் தேதியை யார் வசதிக்கு வைக்கிறார்கள்? வெட்டுக்கு முன் உள்ள நெருக்கடி மாதத்தில் வைத்துவிட்டு, கூட்டம் சேரவில்லை என்று குறைப்படுவதில் என்ன நியாயம்? தேதியை இரண்டு மாதம் தள்ளிப் போட அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவு இல்லை.

பணம் தருகிற தேதிக்குச் சட்டமே இருக்கிறது. மத்திய அரசின் 1966-ம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி, கரும்பு ஆலைக்கு வந்த 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வீதம் வட்டியும் சேர்த்துத் தரவேண்டும். உத்தரவு இப்படி இருந்தும், நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் ஊர்வலம் போன செய்தி தமிழ்நாட்டில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது.

எடை மேடையில் இறக்கிய கரும்புக்குப் பதினைந்தாம் நாளிலிருந்து வட்டி சேரவேண்டும் என்பது சட்டம். அடகுக் கடையில் இருக்கும் நகைக்கோ, வைத்த நாளிலிருந்தே வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.